கடலூர் நட்டும் கப்பல் நட்டும்

புது மாப்பிள்ளையைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. குற்றம் முழுக்க அவனுடையது என்று சொல்ல முடியாது. கல்யாணமான முதல் வருஷம் மாமனார் வீட்டில் அவனைப் பார்த்து யாரும் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அவன் நடு வெயிலில் நின்றுகொண்டு குளிர்கிறது என்றால், மாமனார் போர்வை எடுத்து வரச் சொல்லிவிட்டுத் தானும் ஒன்றைப் போர்த்திக்கொள்வார். இப்படி வளர்க்கப்படுகிறவன் என்றைக்காவது எதையாவது கவிழ்க்காமல் விடமாட்டான். நான் கவிழ்த்தது ஒரு மோட்டார் கார்.

அப்போது நான் கடலூர் துறைமுகத்தில் ஒரு மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) மண்டியில் குமாஸ்தா. மண்டிக்குப் பின்னால் ரயில் இஞ்சின்கள் வந்து நிற்கும் கொட்டகை. நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கணக்கு எழுதியதால் இஞ்சின் சமாசாரம் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. (சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் தூங்குகிறவன் தன்னைச் சமையல்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு அந்த விவேகம் இல்லை.)

மாமனார் ஊர் பாகூர். பெண்ணையாற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். எங்கள் பக்கம் இங்கிலீஷ்காரன், அவர்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன். நடுவில் ஒரு சுங்கச்சாவடி. மற்றபடி இரண்டு பக்கமும் ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே வசவு.

மாமனாருக்கு நெல்லும் கரும்பும் விளையும் நிலம் இருந்தது. ஊர் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கிய பிரெஞ்சு கார் ஒன்றும் இருந்தது. நிலத்தைப் பண்ணையாட்கள் பார்த்துக்கொள்வார்கள். காரை மட்டும் அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதற்கு எது கெட்டாலும் புதுச்சேரியில் இருக்கும் கார்க் கடை முசேயிடம் (துரையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சொல்லி, பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்துத்தான் போடுவார். கப்பல் சாமான் என்பது அவருக்குக் கிட்டத்தட்ட கோயில் பிரசாதம் மாதிரி. ஒரு முறை முன்விளக்குக் கண்ணாடி உடைந்து, புதுக் கண்ணாடி கப்பலில் வரும்வரை அறுவடைக் காலம் முழுக்க அந்தக் கார் ஒற்றைக் கண்ணோடு பாகூரைச் சுற்றி வந்தது.

"அவன் செஞ்ச வண்டி மாப்ள. அவன் கை அளவு அவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

அந்த வருஷம் அவர் முன்சக்கரத்தைக் கழற்றி மசகு போடும்போது, அச்சு முனையில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பெரிய நட்டைக் கிணற்றடியில் வைத்துத் துடைத்திருக்கிறார். மசகுக் கை. நட்டு வழுக்கிக் கிணற்றுக்குள் போய்விட்டது. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியதில், பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவிட்டாள் என்று என் மாமியாரான அத்தை பல வருஷமாகச் சந்தேகப்பட்ட பித்தளைச் சொம்பு வந்தது. நட்டு வரவில்லை. முசேயிடம் சொல்லியாயிற்று, கப்பலும் கிளம்பிவிட்டதாகத் தகவல். எந்தக் கடலில் வந்துகொண்டிருந்தது என்பதுதான் தெரியவில்லை. கார் வண்டிக் கொட்டகையில் செங்கல் மேல் முட்டுக்கொடுத்து நின்றது.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அத்தைக்குத்தான் வந்தது.

அத்தைக்கு ஒரே அண்ணன், வில்லியனூரில் இருந்தார். என் மனைவி பூங்காவனத்தைத் தன் மகனுக்குத்தான் கட்ட வேண்டும் என்று அவர் அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே சொல்லி வந்தவர். முறைப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. பூங்காவனமோ, சின்ன வயதில் தன் தலையில் ஓணானைப் போட்டவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமனார் மகள் பக்கம் நின்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கொண்டுவந்தார். அந்த முறை மாப்பிள்ளை சைகோனுக்குப் போய், அங்கே வேலை கிடைத்து, சந்தோஷமாகத்தான் இருந்தான். கோபம் மட்டும் வில்லியனூரிலேயே தங்கிவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. தங்கையும் அதற்குப் பிறகு பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடமிருந்து அந்த வைகாசியில் வெற்றிலைக்காரர் மூலம் சேதி வந்தது. வில்லியனூர்த் தேருக்கு வரச் சொல்லு. அந்தக் கடலூர்க்காரனையும் கூட்டி வரச் சொல்லு. குவர்னர் துரை வந்து வடம் தொடுவதற்குள் வந்துவிட்டால், இலை போட்டு வைத்திருப்பேன்.

சேதி வந்த அன்றே அத்தை அதிரசத்துக்கு மாவு இடித்தார். அண்ணனுக்கு அதிரசம் என்றால் உயிராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அத்தை என்னோடு நேராகப் பேசவே மாட்டார்; மாமியார் மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்ற காலம். நான் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமான்னு கேளு பூங்காவனம்" என்பார். பூங்காவனம் பல சமயம் கொல்லையில் இருப்பாள். நான் கதவைப் பார்த்துப் "போதும்" என்பேன். அதிரசம் பற்றியும் கதவுதான் சொன்னது. சொல்லும்போது கதவின் குரல் உடைந்தது. அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் நல்ல வில்வண்டி இருந்தது, அதற்கு இரண்டு நல்ல காளைகளும் இருந்தன. மாமனார் அதில்தான் போகலாம் என்றார். ஆனால் 'அந்தக் கடலூர்க்காரன்' என்ற வார்த்தை என் காதில் விழுந்திருந்தது. என்னை வேண்டாம் என்ற மனிதர் வீட்டு முன் மாட்டு வண்டியில் போய் இறங்குவதா? நான் ஓடவைத்த காரில் போய் இறங்க வேண்டாமா?

"கடலூர் கடைத்தெருவுல கெடைக்காத நட்டா மாமா? நட்டுன்னா நட்டுதான். கப்பல்ல வந்தா இன்னா, கடையில வந்தா இன்னா?"

அவர் வாயைத் திறந்தார். நான் மாப்பிள்ளை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

அளவு எடுக்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. கல்யாணத்தில் அவரே போட்ட மோதிரம். அதைக் கழற்றி அச்சு முனையில் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? மறுநாளே கடலூர் போனேன். இரும்புச் சாமான் கடைக்காரர் பழைய நட்டு எங்கே என்றார். கிணற்றில் என்றேன். மோதிரத்தைக் கொடுத்ததும் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே வட்டத்தில் பளபளவென்று ஒரு நட்டு எடுத்துக் கொடுத்தார். (நகைக்கடைக்குப் போகவேண்டியவன் வழிதவறி வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.)

திரும்பும் வழியில் சுங்கச்சாவடிக்காரர் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். துணியையும் சாராயத்தையும் தேடிச் சலித்த மனிதர். ஒற்றை நட்டுக்காக ஒருவன் இந்த வெயிலில் எல்லை தாண்டுவான் என்பதை அவர் நம்பவில்லை. நட்டைக் கண்ணில் வைத்து அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

நட்டின் உட்புறம் வரி வரியாக ஓடுகிறதே, அதற்கு மரை என்று பெயர். இங்கிலீஷ்காரன் அதை இஞ்சுக் கணக்கில் வெட்டுவான். பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுவான். வட்டம் ஒன்றாகவே இருந்தாலும் வரிக்கும் வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒத்துப்போகாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது மோதிரத்தின் அளவு மட்டும்தான்.

நட்டு முதல் இரண்டு சுற்று தானாகப் போயிற்று. அப்புறம் நின்றது. நான் ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நிற்காத குறையாக அழுத்தினேன். கிரீச் என்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் நகர்ந்து, அதற்கு மேல் அசைய மறுத்தது. மரை கடித்துக்கொண்டு சிக்கியதை நான் கச்சிதமான பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். சக்கரத்துக்கும் நட்டுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு சந்து இருந்தது. மாமனார் அந்தச் சந்தில் ஒரு பக்கம் அறுத்த இரும்பு வளையங்களைச் செருகினார்.

அச்சு முனையில் ஒரு துளை உண்டு. நட்டு முழுக்க இறங்கிய பிறகு அதில் ஒரு ஊசியைச் செருகி மடக்கிவிட்டால் நட்டு கழலாது. எங்கள் நட்டு பாதியில் நின்றுவிட்டதால் துளை அதற்கு அடியில் மறைந்துவிட்டது.

"ஊசி போடல மாப்ள" என்றார் மெதுவாக.

"இவ்ளோ இறுக்கத்துக்கு ஊசி எதுக்கு மாமா?"

அவர் நட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிலைப்படியில் பெருமையோடு நின்ற தன் மகளைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்புக் கம்பியை நட்டின் மேல் சுற்றிக் கட்டினார்.

தேர் அன்று காலையில் கிளம்பினோம். அத்தை பட்டுச் சேலையில், மடியில் அதிரசப் பானையோடு. மாமனார் பெண்கள் இரண்டு பேரையும் பின்னிருக்கையில் வலது ஓரமாக உட்காரச் சொன்னார். என் நட்டு இருந்தது இடது பக்கம், ஓட்டுகிற அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்த பக்கம். பண்ணையாள் கோவிந்தனிடம் வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வரச் சொன்னார். காலி வண்டி எதற்கு என்று கேட்டேன். காளைக்கு நடை பழக வேண்டும் என்றார். ஊரில் எல்லா வேலையும் செய்து தேய்ந்த காளைகள் அவை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கார் போன வேகத்தில் கோவிந்தன் எங்களைத் தொட்டுக்கொண்டே வந்தான். இப்படிப் போனால் குவர்னர் துரை வடம் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியே விடுவார் என்று எனக்குத் தவிப்பு. அபிஷேகப்பாக்கம் தாண்டியதும், கொஞ்சம் வேகமாகப் போகலாமே மாமா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை பேச்சு. அவர் வேகத்தைக் கூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் என் பக்கமாகக் கறுப்பாக ஏதோ ஒன்று எங்களைத் தாண்டி முன்னே போனது. தேருக்குப் போகும் அவசரத்தில் யாரோ சைக்கிளில் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. நடுவில் கதவும் இல்லை, பூங்காவனத்தின் பெயரும் இல்லை.

"மாப்ள, நம்ம சக்கரம் முன்னால போவுது பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக, "அது நம்மளுது இல்ல அத்த" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் காரின் மூக்கு என் பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டது. சாலையில் நல்ல ஆழமாக ஒரு உழவுசால் போட்டுக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் நின்றது. நான் கதவோடு சேர்ந்து வெளியே போய், வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். வலது ஓரத்தில் இருந்த பெண்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதிரசப் பானையும் அத்தை மடியிலேயே இருந்தது. சக்கரம் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்காமல் வில்லியனூர் பக்கமாகப் போய்த் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அத்தை இறங்கி, சாலை ஓரத்தில் பானையோடு நின்றார். அழவில்லை. சூரியன் ஏறியிருப்பதைப் பார்த்தார். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. "வடம் தொட்டுட்டாங்க போல" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அந்த நேரத்தில் வாய்க்கால் இன்னும் ஆழமாக இருக்கக்கூடாதா என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

அப்போது திருப்பத்தில் ஒரு மனிதர் எங்கள் சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய வண்டி. நரைத்த மீசை, சரிகைக் கரை வேட்டி. அத்தையின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணனும் தங்கையும் சக்கரத்தை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கரும்பு பார்க்க இந்தப் பக்கம் வந்தேன் என்றார் அண்ணன் கடைசியில். கரும்பு பார்க்க வந்தவர் வண்டியில் மூன்று ரோஜா மாலைகள் இருந்தன. வீட்டு வாசலில் காத்திருக்கப் பொறுக்காமல் பாதி வழி வந்துவிட்டார் என்பதை நாங்கள் யாரும் சொல்லிக்காட்டவில்லை.

அவர் குனிந்து நாங்கள் உழுத சாலையில் கிடந்த நட்டை எடுத்தார். பிய்ந்த செம்புக் கம்பி அதில் தொங்கியது. "இது எந்த ஊரு நட்டு?" என்றார்.

நான் சேற்றிலிருந்து வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "கப்பல் சாமான்தான் மச்சான். இப்பல்லாம் கப்பல்லயே சரியா வர்றதில்ல."

ஒற்றை விளக்கோடு ஒரு பருவம் முழுக்க ஓட்டியவர். கப்பல் சாமானைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அன்று சாப்பாடு இறங்காதவர். எனக்காக, நான் தலைகுனியக்கூடாது என்பதற்காக, நடுச்சாலையில் நின்று அதைப் பழித்துப் பேசினார். அந்த நிமிஷத்தில்தான் அவர் எனக்குத் தகப்பன் ஆனார்.

வில்லியனூர் மாமா நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்புவரை சேறாக நின்ற என்னையும் அதே மாதிரி பார்த்தார்.

"கப்பலு கடலூரு வழியா வந்துச்சா மச்சான்?"

முதலில் சிரித்தவள் பூங்காவனம். (புருஷன் சேற்றில் நிற்கிறான் என்ற மரியாதைகூட இல்லை.) பிறகு அத்தை, பானையை அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அதைப் பார்த்ததும் அண்ணனின் மீசை துடித்தது. ஒரு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த கோபம் அவர் கையை மீறிப் போய்விட்டது. என் கையைப் பிடித்து வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டவர் அவர்தான். பிறகு தங்கையிடம் பானையில் என்ன என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன? அங்கேயே நின்று ஒரு அதிரசம் தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"உனுக்கு முன்னாடி உன் சக்கரம் வந்து வூட்டுக்கு வழி கேக்குது" என்றார் தங்கையிடம், வாய் நிறைய.

இரண்டு மாட்டு வண்டிகளில் வில்லியனூர் போய்ச் சேர்ந்தோம். தேரின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அத்தை அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தேரை விட வேகமாகப் பிறந்த வீட்டுத் தெருவில் திரும்பினார். இலை போட்டபடியே இருந்தது. எனக்கு மாமா தன் வேட்டியைக் கொடுத்தார். அது என்னை இரண்டு சுற்று அதிகம் சுற்றியது.

சில நாள் கழித்து, கிணற்றடியில் மாமனாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று. நட்டைக் கையில் வாங்கினபோதே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"மொத மொதல்ல நம்ம வூட்டுக்குன்னு ஒரு சாமான் வாங்கியாந்தீங்க. அத எப்பிடி மாப்ள வேணாம்னு சொல்றது?"

ஐப்பசி மழையில் கப்பல் நட்டு வந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நிறம் மங்கி, என் நட்டில் பாதி அழகுகூட இல்லாமல் இருந்தது. மாமனார் அச்சின் கடிபட்ட மரையைச் சீர்செய்து வைத்து, நட்டை என்னிடமே கொடுத்துப் போடச் சொன்னார். ஸ்பானரே வேண்டியிருக்கவில்லை, இரண்டு விரலால் சுற்றச் சுற்றக் கடைசிவரை போனது. ஊசித் துளை சரியாக எதிரே வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர்தான் மரியாதை.

கடலூர் நட்டை அவர் தூக்கி எறியவில்லை. பேப்பர் படிக்கும்போது காற்றுக்குப் பறக்காமல் அதன் மேல் வைப்பார். வருகிறவர்கள் கேட்டால், எங்கள் மாப்பிள்ளை வாங்கி வந்தது என்பார். வில்லியனூர் மாமா வந்தால் மட்டும் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கப்பல் எப்போது வந்தது என்று கேட்பார்.

அத்தை அன்றோடு கதவை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய பேச்சுக்கு, பழைய கதவே தேவலை என்று சில நாள் தோன்றியதுண்டு. அவர் சொன்ன அந்த முதல் வார்த்தை வீட்டில் பழமொழி ஆகிவிட்டது. பந்தியில் யாராவது பெரியவர்களுக்கு முன் உட்கார்ந்தால், பிள்ளைகள் கோயிலுக்குப் போகும் வழியில் ஓடினால், பூங்காவனம் பேச்சில் என்னை முந்தினால், உடனே யாராவது "நம்ம சக்கரம் முன்னால போவுது பாருங்க" என்பார்கள். எல்லோரும் சேர்ந்து, "அது நம்மளுது இல்ல அத்த" என்று முடிப்பார்கள். என் பேரன் பேத்திகளுக்கு ஆத்திசூடி வருவதற்கு முன்பே இது வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, கொடியும் ராஜ்யமும் மாறிய பிறகு, மாமனார் ஒரு காலையில் பேப்பர் மேல் அந்த நட்டை வைத்தபடியே போய்விட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. பாடைக்கு முன்னால் கொள்ளிச் சட்டி எடுத்துப் போக நான்தான் நின்றேன். பெண்கள் தெருமுனைக்கு மேல் வரக்கூடாது. அங்கே வந்து நின்ற அத்தை, இறக்கி வைத்த பாடையை மறுபடி தூக்கியதும் அதைப் பார்த்தபடி என் தோளைத் தொட்டார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மாப்ள, நம்ம சக்கரம் முன்னால போவுது பாருங்க" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "ஆமா அத்த. நம்மளுதுதான்" என்றேன்.